அருகில் நின்று சுடுதல்: கைத்துப்பாக்கி, பெருவிலங்கு, திருகோணமலைக் காடு

காயம்பட்டவுடன் ஓடி மறையாமல், சுட்டவன்மேல் திரும்பிப் பாயக்கூடிய விலங்குகளை வேட்டை இலக்கியம் தனி வரிசையில் வைத்துப் பேசுகிறது. ஆபிரிக்காவில் யானை, காட்டெருமை, காண்டாமிருகம், சிங்கம், சிறுத்தை ஆகியவையும், இலங்கையில் யானை, காட்டெருமை, கரடி, சிறுத்தை ஆகியவையும் இந்த வரிசையில் அடங்கும். இவற்றைத் தோளில் அணைத்துச் சுடும் நீள்குழல் துப்பாக்கியால் வீழ்த்துவதே பொதுவழக்காக இருக்க, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், முதன்மையாக அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கைகளால் மட்டுமே தாங்கிச் சுடும் கைத்துப்பாக்கியைக் கொண்டு இவ்விலங்குகளை எதிர்கொள்வது ஒரு பொழுதுபோக்காகவும், பின்னர் தனக்கெனச் சங்கங்களும் சஞ்சிகைகளும் உடைய துறையாகவும் வளர்ந்தது. விலங்குக்கு மிக அருகில் செல்லவேண்டியிருப்பதே இதன் சிறப்பு என்று அத்துறையினர் கூறுவர்.

இக்கூற்றைச் சோதித்துப் பார்ப்பதற்குத் திருகோணமலை மாவட்டம் மிகவும் பொருத்தமான இடமாகும். யானைக்கு அருகில் செல்வதைத் தொழிலாகக் கொண்ட மனிதர் இக்கிழக்குக் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துள்ளனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெயர்பெற்ற வேட்டைக்காரர் இம்மாவட்டத்தின் வாயிலில் உள்ள குளங்களையும் காடுகளையும் தம் களமாகக் கொண்டனர். பேருடலுடைய விலங்கின்மீது வலுக்குறைந்த குண்டு பாய்ந்தால் என்ன நேரும் என்ற வினாவுக்கோ, கந்தளாயிலும் சேருவிலவிலும் மூதூரிலும் வாழும் கமக்காரரும் கால்நடை வைத்தியரும் இன்றும் விடை கண்டுகொண்டிருக்கின்றனர்.

முதலில் கருவியின் இயல்பைக் கூறுவது முறையாகும். குண்டொன்று குழலை விட்டு வெளியேறும்போது தன்னுடன் எடுத்துச்செல்லும் இயக்க ஆற்றல், அதன் எடையையும் வேகத்தையும் பொறுத்தது. அந்த வேகமோ, வெடிமருந்தின் அளவையும், எரிவாயு குண்டைத் தள்ளிக்கொண்டிருப்பதற்குக் கிடைக்கும் குழலின் நீளத்தையும் பொறுத்தது. பொலிசாரும் படையினரும் இடுப்பில் அணியும் 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கியின் குண்டு ஏறத்தாழ 500 ஜூல் ஆற்றலுடன் வெளியேறுகிறது. 1955இல் அறிமுகமாகி, கைத்துப்பாக்கி வேட்டை என்ற துறைக்கே வழிதிறந்த .44 மெக்னம் தோட்டா இதைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு ஆற்றலைத் தருவது. 2003இல் சிமித் அன்ட் வெசன் நிறுவனம் வெளியிட்ட .500 மெக்னம் ஏறத்தாழ 3,500 ஜூலை எட்டுகிறது. ஆனால் 1912 முதல் பெருவிலங்கு வேட்டைக்கு அளவுகோலாக இருந்துவரும் .375 நீள்குழல் துப்பாக்கியின் ஆற்றல் 5,500 ஜூலுக்கும் மேற்பட்டது. ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் யானைக்கும் காட்டெருமைக்கும் சட்டமோ வழக்கமோ ஏற்றுக்கொள்ளும் மிகக் குறைந்த அளவும் அதுவேயாகும்.

ஆற்றலை மட்டும் கொண்டு இதில் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. கடினமான உலோகக் கலவையில் வார்க்கப்பட்டு, முனை தட்டையாக்கப்பட்ட கனத்த குண்டு, வேகம் குறைவாயினும் நேராகவும் ஆழமாகவும் ஊடுருவக்கூடியது என்பதைக் கைத்துப்பாக்கி வேட்டையினர் நடைமுறையில் காட்டியுள்ளனர்; யானையையும் இவ்வகையில் வீழ்த்தியுள்ளனர். எனினும் குண்டு போய்ச் சேரவேண்டிய இடத்தைப் பார்க்கும்போதுதான் உண்மையான இடர் புலனாகிறது. யானையின் தலை வெளித்தோற்றத்தில் ஒரு பாறையைப்போல் பெரிதாக இருப்பினும், அதன் பெரும்பகுதி தேனடை போன்ற காற்றறைகளால் ஆன எலும்பேயாகும். தும்பிக்கையையும் தாடையையும் தாங்கும் தசைகள் பற்றிக்கொள்வதற்கு அகன்ற பரப்புத் தேவைப்படுவதாலும், அவ்வளவு எலும்பும் திண்மையாக இருந்தால் கழுத்தால் சுமக்க இயலாது என்பதாலும் அமைந்த ஏற்பாடு இது. ஏறத்தாழ 5 கிலோகிராம் எடையுள்ள மூளை இக்காற்றறைகளுக்குப் பின்னால், இரு காதுத் துளைகளையும் இணைக்கும் கோட்டை ஒட்டித் தாழ்வாக அமைந்திருக்கிறது. முன்னெற்றியில் பாயும் குண்டு இந்த எலும்பு அடுக்கு முழுவதையும் கடந்தாகவேண்டும்; சற்று உயர்ந்தாலோ விலகினாலோ, காற்றறைகளுக்குள் சிக்கி நின்றுவிடும். அப்போது யானை தடுமாறும், சில வேளை விழவும் செய்யும். ஆனால் எழுந்து நடந்துவிடும்.

மேலே குறிப்பிட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு வேட்டைக்காரருள் ஒருவரான சாமுவேல் பேக்கர் இந்த உடலமைப்பை அனுபவத்தால் கற்றவர். 1840களின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வந்து, பின்னர் நுவரெலியாவில் குடியேறி, இங்கு ஆடிய வேட்டைகளைப் பற்றி இரண்டு நூல்கள் எழுதிய அவர், இலங்கை யானையை நெற்றியில் சுட்டு வீழ்த்தும் முறையில் பெரிதும் நம்பிக்கை வைத்திருந்தார். பின்னாளில் நைல் நதியின் கிளையாறுகளில் ஆபிரிக்க யானைகளிடம் அதே முறையைக் கையாண்டபோது அது பயன்படவில்லை என்று அவரே பதிவுசெய்துள்ளார். தலையைத் தாங்கும் நிலையும் நெற்றி எலும்பின் சாய்வும் இரண்டு இனங்களிலும் வேறுபடுவதே இதற்குக் காரணம். அவர் விரும்பிய ஆயுதங்களுள் ஒன்று, பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்ற துப்பாக்கித் தொழிலாளர் செய்துகொடுத்த, 21 இறாத்தல் எடையுள்ள ஒன்றாகும். இன்றைய வேட்டைத் துப்பாக்கிகள் இரண்டின் எடையைத் தனியொரு துவக்கில் சுமந்து காட்டுக்குள் நடந்த மனிதர் அவர். இத்தகைய ஒருவர் ஒருமுறை வலுக்குறைந்த எறிபொருளையே நம்பிநிற்க நேர்ந்ததை அவருடைய நூல் விரிவாகக் கூறுகிறது.

அந்நிகழ்ச்சி, திருகோணமலைக்குச் செல்லும் பாதைக்கு அண்மையிலுள்ள மின்னேரியாக் குளத்தின் திறந்த கரையில் நடந்தது. பேக்கரும் அவருடைய தம்பியும் காட்டெருமைக் கூட்டமொன்றைத் துரத்திச் சென்றபோது கையிருப்புக் குண்டுகள் தீர்ந்துவிட்டன. காயம்பட்ட கடாவொன்று எதிரில் நிற்க, மறைந்துகொள்வதற்கு ஒரு மரமும் இல்லாத வெளியில், பேக்கர் வழக்கமான அளவைப்போல் இரட்டிப்பு மருந்தைக் குழலுக்குள் கொட்டி, பையில் இருந்த ஏறத்தாழ மூன்று சிலிங் பெறுமதியான சில்லறைக் காசுகளைச் சட்டையிலிருந்து கிழித்த துணியில் பொதிந்து உள்ளே இடித்து இறுக்கினார். கடா பாய்ந்து வந்து, குழல்முனை அதன் நெற்றியை ஏறத்தாழத் தொடும் நிலையில் அவர் சுட்டார். கடா நிலைகுலைந்து விழுந்தது, இருவரும் தப்பினர். ஆனால் அது இறந்துவிடவில்லை. மயக்கம் தெளிந்து மீண்டும் எழுந்தது.

இந்த நிகழ்ச்சி வேட்டைக்காரனின் சமயோசிதத்துக்குச் சான்றாகவே வழக்கமாக எடுத்துக் கூறப்படுகிறது. எறிபொருளியல் நோக்கில் அது வேறொன்றைக் காட்டுகிறது. தட்டையான, இலேசான காசுகள் இரட்டிப்பு மருந்தின் விசையுடன், இடைவெளியே இல்லாத தூரத்தில் எருமையின் நெற்றியைத் தாக்கியும், மண்டையோட்டைத் துளைக்கவில்லை. அதிர்ச்சி வேறு, ஊடுருவல் வேறு. விலங்கைக் கீழே தள்ளுவதற்கு அதிர்ச்சி போதும். கொல்வதற்கு, மூளையையோ இதயத்தையோ சென்றடையும் ஊடுருவல் வேண்டும். அருகில் நிற்பது குறியைத் தவறவிடாமல் காக்குமேயன்றி, குண்டுக்கு இல்லாத வலுவை அதற்கு வழங்காது.

இனி, அக்காலத்தில் கைத்துப்பாக்கிக்கு இருந்த இடத்தைப் பார்க்கலாம். இந்தியாவில் யானைமேல் அம்பாரியில் அமர்ந்து புலிவேட்டை ஆடியவர்கள், காயம்பட்ட புலி யானையின் தலைமீதோ பக்கவாட்டிலோ தாவி ஏறினால், நீள்குழல் துப்பாக்கியைத் திருப்ப இடமில்லாத நிலையில் பயன்படுத்துவதற்கென, இரண்டு குழல்களோ நான்கு குழல்களோ உடைய, பெருந்துளைக் குறுந்துப்பாக்கியை இடுப்பில் வைத்திருந்தனர். அம்பாரித் துப்பாக்கி என்றே அதற்குப் பெயர் வழங்கியது. அது வேட்டையாடும் கருவியாக எண்ணப்படவில்லை. வேட்டை கைமீறியபோது உயிரைக் காத்துக்கொள்வதற்கான இறுதி வழியாகவே கருதப்பட்டது. புலியே இல்லாத இலங்கையில் வேட்டை பெரும்பாலும் காலால் நடந்தே ஆடப்பட்டது. அடர்ந்த காட்டில் பத்துப் பன்னிரண்டு பாகத் தூரத்துக்குள் சென்று சுட்டனர். முதற் குண்டு தவறினால், பின்னால் மருந்திட்டு வைத்திருந்த அடுத்த துவக்கை எடுத்துக்கொடுக்க ஊரவர் நின்றனர். வேட்டைக்காரனின் பெயரை அறிந்திருக்கும் வரலாறு, கால் நடுங்காமல் இரண்டாம் துவக்கை நீட்டிய இந்த மனிதரின் பெயர்களைப் பெரும்பாலும் மறந்துவிட்டது.

அவ்வேட்டையின் அளவு இன்று நம்புதற்கரியது. ஜேம்ஸ் எமர்சன் டென்னென்ற் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், யானையைக் கொன்றோருக்கு அரசு தலைக்கு இவ்வளவு என்று வெகுமதி வழங்கியதையும், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் 3,500 யானைகளுக்கு இவ்வாறு பணம் கொடுக்கப்பட்டதையும் குறிப்பிடுகிறார். மேஜர் ரொஜர்ஸ் என்ற படை அதிகாரி தனியொருவராக 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகவும் அவர் எழுதுகிறார். பதுளையில் நிருவாகப் பொறுப்பு வகித்த இந்த ரொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் சுட்ட யானைகளின் சாபமே மின்னலாக இறங்கியது என்ற பேச்சு மலைநாட்டில் நிலைத்துவிட்டது. வேட்டை பற்றிய எந்த வீரக் கதையையும் வாசிக்கும்போது, அதன் பின்புலமாக அரசின் வெகுமதிக் கணக்குப் புத்தகம் இருந்ததை மறத்தல் ஆகாது. காட்டை வெட்டிக் கோப்பித் தோட்டமும் வீதியும் அமைத்த ஆட்சிக்கு யானை ஓர் இடைஞ்சலாக இருந்தது. அந்த இடைஞ்சலை நீக்கியவர்கள் தம்மை வீரர் என்று அழைத்துக்கொண்டனர்.

யானைக்கு அருகில் செல்வதே பெருமை என்றால், அப்பெருமைக்கு உரியவர்கள் இதே கரையில் வேறு சிலர் ஆவர். கொட்டியாரக் குடாவில் 1660இல் சிறைப்பிடிக்கப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்த ரொபேட் நொக்ஸ், பெண் யானைகளைக் காட்டுக்குள் விட்டு ஆண் யானைகளை ஈர்த்து வரும் முறையை 1681இல் வெளியான தம் நூலில் விவரித்துள்ளார். அதனிலும் வியப்புக்குரியது பணிக்கரின் தொழில். பணிக்கர் என்போர் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த, காட்டு யானை பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட முஸ்லிம் குடும்பத்தினர். மட்டக்களப்புப் பக்கத்து ஏறாவூர் இவர்களால் பெயர்பெற்ற ஊர். துப்பாக்கி இவர்களின் தொழிற்கருவி அன்று. மான் அல்லது எருமைத் தோலை வாராக அறுத்து, முறுக்கிப் பதப்படுத்திய கயிறே இவர்களின் முழு ஆயுதம்.

தொழிலின் நடைமுறையை டென்னென்ற் நுணுக்கமாகப் பதிவுசெய்துள்ளார். முறிந்த கொப்பையும், அழுந்திய புல்லையும், இலத்தியின் சூட்டையும் பார்த்து, மந்தை எவ்வளவு நேரத்துக்கு முன் சென்றது என்று கணிப்பர். காற்றுத் தம்மிடமிருந்து யானையின் பக்கம் வீசாதவாறு சுற்றிவளைத்து அணுகுவர். யானை நின்று ஓய்வெடுக்கும்போது கால்களை மாறி மாறித் தூக்கி அசைக்கும் பழக்கத்தை அறிந்து, பின்னங்கால் நிலத்தை விட்டு எழும் கணத்தில் சுருக்கை அதன் கீழ் நழுவவிட்டு, மறுமுனையைப் பக்கத்து மரத்தில் சுற்றிக்கட்டுவர். யானை வெகுண்டு திரும்பும்போது ஒருவர் முன்னால் நின்று கூவியும் ஆடியும் அதன் கவனத்தை இழுக்க, மற்றவர் கட்டை இறுக்குவார். இரண்டு பேரே ஒரு காட்டு யானையைப் பிடித்துவிடுவர். கை எட்டும் தூரத்தில், கையில் கயிறு மட்டும் ஏந்தி நின்ற இந்த மனிதரை அருகில் நிறுத்திப் பார்க்கும்போது, நெருக்கத்தைப் பற்றிய வேட்டைச் சஞ்சிகைகளின் பேச்சு சற்று மெலிந்துதான் தோன்றுகிறது. பணிக்கருக்குப் பிழை நேர்ந்தால் அதன் விலையை அவரே செலுத்தினார். பிடிபட்ட யானை உயிருடன் இருந்தது, பின்னர் மனிதருக்கு உழைத்தது. அந்த உழைப்பும் அடிமைத்தனமே என்று கூறுவோர் உளர். அவ்வாதத்தில் நியாயமும் உண்டு.

தற்கால அமெரிக்க வேட்டைத் துறைக்கு மீண்டும் வரும்போது, அதனுள்ளேயே ஒரு முரண் இருப்பதைக் காணலாம். .44 மெக்னம் போதாதென்று வலுவை உயர்த்திக்கொண்டே சென்றதன் விளைவாக, .500 மெக்னம் சுழல்துப்பாக்கியின் நீண்ட குழல் வகை ஏறத்தாழ 2 கிலோகிராம் எடையுள்ளதாயிற்று. 1967இல் வெளிவந்த கொன்ரென்டர் போன்ற ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளோ, நீள்குழல் துப்பாக்கிக்கென ஆக்கப்பட்ட தோட்டாக்களையே சுடும் வகையில் அமைந்தன. இவற்றின்மேல் தொலைநோக்கிக் கண்ணாடி பூட்டி, ஊன்றுகோலில் சாய்த்து வைத்துச் சுடுவோரும் பலர். கைத்துப்பாக்கி தன் குறைபாட்டைத் தீர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு படியிலும், தோள் அணையை இழந்த நீள்குழல் துப்பாக்கியாக மாறிவருகிறது. இதைவிட முக்கியமானது, ஆபிரிக்காவில் யானையையோ காட்டெருமையையோ கைத்துப்பாக்கியால் சுடும் விருந்தினருக்குப் பின்னால், பெருந்துளை நீள்குழல் துப்பாக்கியுடன் தொழில்முறை வழிகாட்டி ஒருவர் நிற்கிறார் என்பது. பேக்கருக்குப் பின்னால் இரண்டாம் துவக்குடன் நின்ற ஊரவரின் இடத்தை இவர் வகிக்கிறார். விருந்தினரின் துணிவு, பின்னால் நிற்பவரின் ஆயுதத்தை ஈடாக வைத்தே இயங்குகிறது. கைத்துப்பாக்கி வேட்டையினருள் பொறுப்புள்ளவர்கள் பயிற்சியையும் குறுகிய தூரத்தையும் குண்டின் தெரிவையும் வற்புறுத்துகின்றனர் என்பதையும், அவர்களுடைய திறமை பொய்யன்று என்பதையும் ஏற்கவேண்டும். ஆயினும் திறமையின் சோதனைக்கு இலக்குத் தட்டையும் பயன்படுத்தலாம். அதில் தவறும் குண்டு எதையும் புண்ணாக்குவதில்லை.

இலங்கையில் இத்தகைய வேட்டைக்குச் சட்டத்தில் இடமில்லை. 1894இல் வேட்டைக்காரரே கூடித் தொடங்கிய விலங்குப் பாதுகாப்புச் சங்கம் காலப்போக்கில் பாதுகாவலர் சங்கமாக மாறியதும், 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1949இல் உருவான வனசீவராசிகள் திணைக்களமும் அந்தக் கதவைப் படிப்படியாக மூடின. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் கமக்காரருக்குப் பயிர்ப் பாதுகாப்புக்கென வேட்டைத்துவக்கு உரிமம் கிடைக்கலாம். கைத்துப்பாக்கி உரிமமோ பாதுகாப்பு அமைச்சின் கையில் உள்ளது.

எனினும் வலுக்குறைந்த குண்டு பெருவிலங்கின்மீது பாய்வது இம்மாவட்டத்தில் நின்றுவிடவில்லை. கந்தளாய், சேருவில, ஈச்சிலம்பற்று, மொரவெவ, கோமரங்கடவல ஆகிய பகுதிகளில் வயலும் காடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால், நெல் கதிர்விடும் காலத்தில் யானை இறங்குவதும், பரணில் காவலிருப்போர் ஆனைவெடி கொளுத்துவதும், அதற்கும் அஞ்சாத தனியன் வேலியைச் சாய்ப்பதும் ஆண்டுதோறும் நிகழ்பவை. தனியன் என்பது மந்தையை விட்டுத் தனித்துத் திரியும் ஆண் யானை. இலங்கையில் ஆண் யானைகளுட் பெரும்பாலானவை தந்தமற்ற அலியன்கள். ஆகவே இங்கு சுடப்படும் யானைகளுள் மிகப் பெரும்பாலானவை தந்தத்துக்காகச் சுடப்படுவதில்லை, நெல்லுக்காகவே சுடப்படுகின்றன. ஒரு போக விளைச்சலை ஓர் இரவில் இழந்து, கடனுக்கு வாங்கிய பசளையின் விலையைக் கட்ட இயலாது நிற்கும் கமக்காரனின் கோபத்தை நகரத்து விலங்கு நேயர் எளிதாகக் கண்டிக்கலாகாது.

அந்தக் கோபத்தின் கையில் அகப்படும் கருவிதான் சிக்கலுக்குரியது. வேட்டைத்துவக்கின் சிறு ஈயக் குண்டுகள் யானையின் தோலையும் தசையையும் துளைத்து நிற்கும், உயிர்நிலையை எட்டா. கட்டுத்துவக்கு இதனிலும் கொடியது. இரும்புக் குழாயொன்றைக் குழலாக்கி, கருமருந்தும் ஈயத்துண்டும் இட்டு, கவைத்தடிகளில் கட்டி, ஒற்றையடிப்பாதைக்குக் குறுக்கே நூல் இழுத்து, விலங்கு நூலை இடறினால் தானாக வெடிக்கும் வகையில் வைக்கப்படும் சட்டவிரோதத் துவக்கு இது. பன்றிக்கும் மரைக்கும் என்று தாழ்வாகக் கட்டப்படுவதால், யானைக்குக் காலில் காயம் உண்டாகிறது. விறகுக்கும் தேனுக்கும் செல்லும் மனிதருக்கும் முழங்காலை அண்டியே காயம் உண்டாகிறது. காலில் புண்பட்ட யானை உடனே இறப்பதில்லை. புண் சீழ்பிடித்து, மூட்டு வீங்கி, எடையைத் தாங்கமாட்டாமல், நீருக்கு அருகிலேயே வாரக்கணக்கில் நின்று, ஒருநாள் சாய்ந்து, மீண்டும் எழ இயலாது கிடந்து இறக்கிறது. சாய்ந்த யானையின் உடற்பாரமே அதன் நுரையீரலை அழுத்துவதால், அதனை எழுப்பி நிறுத்துவதே வைத்தியரின் முதற் போராட்டமாகிறது. நடமாட முடிந்த காயப்பட்ட யானையோ, வலியால் மூர்க்கம் கொண்டு, அடுத்து எதிர்ப்படும் மனிதனைத் தாக்குவது உண்டு.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. 2019இலும் 2023இலும் ஒவ்வோர் ஆண்டிலும் நானூறுக்கும் மேற்பட்ட யானைகள் இறந்துள்ளன. ஒவ்வோர் ஆண்டிலும் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதரும் யானையால் உயிரிழந்துள்ளனர். துப்பாக்கிக் காயமும், சட்டவிரோத மின்கம்பியும், தீனிக்குள் மறைத்துவைத்து வாய்க்குள் வெடிக்கச்செய்யும் ஹக்கபட்டாசும் இறப்புக்கான முதன்மைக் காரணங்களுள் அடங்கும். வேட்டை தடைசெய்யப்பட்ட நாட்டில், வெகுமதி இல்லாமலே இது நடக்கிறது.

இதற்குத் துவக்கால் தீர்வில்லை என்பதை வெகுமதிக் காலத்தின் கணக்கே காட்டுகிறது. இதுவரை ஓரளவு பயன் தந்தது வேலி. அதுவும் எங்கே போடப்படுகிறது என்பதைப் பொறுத்தது. வனசீவராசிகள் திணைக்களத்தின் நிலத்துக்கும் வனத் திணைக்களத்தின் நிலத்துக்கும் இடையிலான நிருவாக எல்லையில் மின்வேலி இட்டால் இருபுறமும் யானை நிற்கும். ஊரைச் சுற்றியும், போகக் காலத்தில் மட்டும் வயலைச் சுற்றியும், கமக்காரர் தாமே பராமரிக்கும் வேலியாக இட்டால் யானை ஒரு புறத்தில் நிற்கும். அறுவடை முடிந்ததும் வயல் வேலியைக் கழற்றிவிட்டால், வைக்கோலும் அரிதாளும் யானைக்குத் தீனியாகும். கமக்காரனுக்கு அதனால் இழப்பில்லை. குருநாகல் மாவட்டத்திலும் பிற இடங்களிலும் இம்முறை நடைமுறையில் சோதிக்கப்பட்டு நிலைத்துள்ளது.

திருகோணமலை மாவட்டக் கமக்காரர் அமைப்புகள், அடுத்த பெரும்போகத்துக்கான ஆரம்பக் கூட்டங்களில் நீர் திறக்கும் திகதியையும் விதைப்புத் திகதியையும் தீர்மானிக்கும்போதே, வயல் வேலிக்குரிய பங்கையும் பராமரிப்பு முறையையும் தீர்மானித்துக்கொள்ளவேண்டும். தத்தம் ஊர்க் காட்டுப்பாதைகளில் கட்டுத்துவக்கு இருப்பது தெரிந்தால், கட்டியவர் உறவினராயினும், அண்மையிலுள்ள வனசீவராசிகள் அலுவலகத்துக்கு அறிவித்து அகற்றச் செய்யவேண்டும்.